பதினேழாவது மரபணு

ஜூலை 14, ஞாயிறு

கட்டுரை முடிந்துவிட்டது. கடைசிப் பத்தியை இன்று காலை இட்லி வேகும் நேரத்தில் சமையலறை மேடை அருகே நின்றுகொண்டே எழுதினேன். இட்லி கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது. பத்தி சரியான பதம்.

நாலு வருட வேலை. அறுபத்தொரு பேர், எல்லோருக்கும் கணையத்தில் புற்று. அதில் இருபது பேருக்கு வயிற்றைத் திறந்து பார்த்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. நாற்பத்தொரு பேருக்குப் பரவவில்லை. ஏன் சிலருக்கு மட்டும் பரவுகிறது? இதுதான் என் கேள்வி. உடம்பில் எல்லா செல்லிலும் இருப்பது ஒரே மரபணுக்கள்தான். எது எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசமெல்லாம். அதை அளக்க முடியும். அளந்தேன். என் பட்டியலில் பதினேழாவதாக இருந்த மரபணு, பரவாதவர்களிடம் ஒன்றரை, இரண்டு என்று அடங்கிக் கிடக்கிறது. பரவியவர்களிடம் எட்டு, ஒன்பது என்று எகிறுகிறது. இவ்வளவு பளிச்சென்று ஒரு வித்தியாசத்தை என் இருபது வருட ஆய்வக வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் அதைப் பதினேழு என்றே கூப்பிடுகிறோம், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி.

மத்தியானம் கணபதி பகுதியில் இருக்கும் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அறுபத்தொன்றாவது ஆள் அவர்தான், என் அண்ணன் நாச்சிமுத்து. ஜூன் 3ஆம் தேதி எங்கள் மருத்துவமனையிலேயே அறுவை நடந்தது. பதினொரு கிலோ இறங்கியிருக்கிறார். ஜீரணத்துக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரி கொறிக்கிறார். மற்றபடி வாய் குறையவில்லை.

அண்ணி சம்பூர்ணம் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஆறு மாசம் மருந்து ஏத்தோணும்ங்கறாங்க அம்மிணி. ஆபரேசன் முடிஞ்சு பன்னெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சரோணுமாமா. இவுரு வேண்டாங்கறாரு. நீ என்ன சொல்ற?"

"அண்ணனுக்கு வந்த நம்பர் ஒன்னு புள்ளி ரெண்டுங் அண்ணி. இதுக்குக் கீழ யாருக்குமே வந்ததில்லை."

"அப்படின்னா?"

"பரவற ரகம் இல்லைன்னு அர்த்தமுங்."

அண்ணன் இலையிலிருந்து நிமிர்ந்தார். "கேட்டயா? எந் தங்கச்சி நாலு வருசம் தலைகீழா நின்னு கண்டுபுடிச்சிருக்கறா. இதுக்கு மேல இன்னொரு டாக்டர் வந்து எனக்குச் சொல்லோணுமா?"

ஆராய்ச்சி எண்களை நோயாளிகளிடம் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. மற்ற அறுபது பேரிடமும் நான் மூச்சு விட்டதில்லை. அண்ணன் நோயாளி இல்லை, அண்ணன். மேலும், மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நம்பரைத்தான் சொன்னேன்.

ஜூலை 16, செவ்வாய்

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வராந்தாவில் கீமோ டாக்டர் பிடித்துக்கொண்டார். உங்கள் அண்ணன் ஏன் வரச் சொன்ன இரண்டு முறையும் வரவில்லை என்று கேட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

என் ஆய்வக உதவியாளர் பெனாசிர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கணுக்காலில் கட்டு. நாலு வாரம் வர முடியாது. அறுவை அரங்கில் காத்திருந்து, வெட்டிய துண்டை வாங்கி, ஐஸில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. நாலு வருடமாக ஒரு துண்டைக்கூடத் தவற விட்டதில்லை. ஆள் தேடினார்கள். தேவையில்லை, நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் வடிவமைத்த படிவம், நான் வகுத்த முறை. எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

வீட்டில் மிக்ஸி புகைகிறது.

ஜூலை 24, புதன்

முதல் நாள் அரங்கு. பச்சை உடையில் நான் பெட்ஷீட் போர்த்திய அலமாரி போல இருக்கிறேன்.

டாக்டர் கோவர்தனன் அறுவை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். ஐந்து மணி நேரம், ஒரு வார்த்தை வீணில்லை. கட்டி வெளியே வந்ததும் முதல் காரியமாக ஒரு ஓரம் வெட்டி, "மேடம், உங்க பங்கு" என்று என் கிண்ணத்தில் வைத்தார். கையில் வாங்கிய நேரம் 1.14. ஐஸில் வைத்த நேரம் 1.16. படிவத்தில் இரண்டே கட்டம், இரண்டையும் நிரப்பினேன். அதற்குப் பிறகுதான் மீதிக் கட்டியைத் தட்டில் வைத்து, வெளியே காத்திருந்த சொந்தக்காரர்களிடம் காட்ட அனுப்பினார்கள். வெட்டி எடுத்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நம் ஜனங்களுக்கு மனது ஆறும்.

இரண்டு நிமிடம்! உலகத்தில் எந்த ஆய்வகத்தோடும் போட்டிக்கு நிற்பேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தேன். நாளை மறுநாள் ஆடிப்பெருக்கு என்பதால் திங்கட்கிழமைதான் தருவானாம்.

இன்று ஐம்பது வயது அம்மாள், திருப்பூர்ப் பக்கம். திறந்தார்கள். கல்லீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பரவிவிட்டால் கட்டியை எடுப்பதில் பலனில்லை, மூட வேண்டியதுதான். டாக்டர் கோவர்தனன் கணையத்தில் இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றை உடனே பரிசோதனைக்கு அனுப்பினார். இன்னொன்றைச் சின்னத் தட்டில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"சார், என் பங்கு?" என்றேன்.

"ஒரு நிமிஷம் மேடம். அவங்க வீட்டுக்காரருக்குக் காட்டிட்டு வந்துடறேன். வெறும் வாயில சொன்னா, ஏன் எடுக்காம மூடுனீங்கன்னு காலம் பூரா மனசு அடிச்சுக்கும்."

தட்டோடு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அந்த மனிதர் தட்டைப் பார்க்கவேயில்லை, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரும் கையை உருவிக்கொள்ளவில்லை. மகள் வந்தாள், அவளுக்கு மறுபடி முதலிலிருந்து சொன்னார். திரும்பி வந்து துண்டை என் கிண்ணத்தில் வைத்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

வாங்கிய நேரம் 11.32. ஐஸில் வைத்த நேரம் 11.34. இரண்டு நிமிடம்.

வெட்டியது 11.06க்கு. அதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

கேன்டீனில் தயிர்சாதம் வாங்கினேன். ஊறுகாய் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

உறைபெட்டி முழுவதையும் காலி செய்து துடைத்தேன். மூன்று மணி நேரம். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

பிறகு பெனாசிருக்குப் போன் செய்தேன். கால் எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன் போல, அவளே சிரித்தாள். அப்புறம்தான் கேட்டேன்.

"ஏம்மா, பரவுன கேஸ்னா சார் துண்டை வெளிய கொண்டுபோய்க் காட்டிட்டுத்தான் உங்கிட்டக் குடுப்பாரா?"

"ஆமாங் மேடம். எப்பவுமே அப்படித்தாங்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருவது நிமிசம், அரை மணி நேரமுங். அழுவாங்கல்ல மேடம், பாதியில விட்டுட்டு வர முடியுங்களா?"

"நீ எங்கிட்டச் சொன்னதே இல்லையே!"

"சொன்னனுங் மேடம். முதல் வருசமே. ஓரத்துல எழுதிக்கூடக் குடுத்தன். ஃபாரத்துல இல்லாததெல்லாம் எழுதி அசிங்கம் பண்ணாதேன்னீங்க."

ஞாபகமே இல்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய வாக்கியம்தான் அது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அண்ணி தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணனும் கூட வந்தார், மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினார். எதிர்வீட்டுக்காரரிடம், "ஆறு மாசம் ஊசி போடோணும்னாங்க. எந் தங்கச்சி அவ எந்திரத்துல பாத்துட்டு, தேவையே இல்லைன்னு சொல்லிப்போட்டா" என்று பெருமை அடித்துக்கொண்டார்.

திருத்த வாய் திறந்தேன். எதிர்வீட்டுக்காரர் இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பயப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் என் தொழில்.

விஷயம் இதுதான். வெட்டி எடுத்ததும் செல்கள் செத்துவிடுவதில்லை. ரத்தம் நின்றுபோய்த் திணறும். திணறும்போது சில மரபணுக்கள் வேகமெடுக்கும். உடனே ஐஸில் போட்டால் அது நடக்காது. அதனால்தான் இரண்டு நிமிடம் என்று நான் உயிரை எடுத்தேன். இன்று, பரவாத ஒருவரின் கட்டி வந்தது. டாக்டரிடம் கேட்டு நாலு துண்டாக வாங்கினேன். ஒன்றை உடனே ஐஸில் போட்டேன். மற்றவற்றைத் தட்டில் வைத்துப் பத்து, இருபது, முப்பது நிமிடம் கழித்துப் போட்டேன். நாலுமே ஒரே மனிதரின் ஒரே கட்டி. பதினேழு உண்மையிலேயே பரவுவதைக் காட்டுகிற மரபணு என்றால், நாலு துண்டிலும் ஒரே எண் வர வேண்டும்.

வரும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரு தட்டும் இருபது நிமிடமும் உண்டாக்கிவிட முடியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சோதனைக்கு வேண்டிய ரசாயனம் பெங்களூரிலிருந்து வர வேண்டும். திங்கட்கிழமை வருமாம். மிக்ஸி வந்துவிட்டது. சட்னி பழைய ருசிக்கு வந்தாயிற்று.

அண்ணனிடம் இப்போதே சொல்லலாமா என்று யோசித்தேன். சோதனை முடியாமல் பேசுவது என் வழக்கமில்லை. முடியட்டும்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஜூலை 14ஆம் தேதி பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். நோட்டை மூடிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒன்று. இரண்டரை. ஆறு. ஒன்பது.

ஆகஸ்ட் 14, புதன்

ஆக, பதினேழு பரவுவதைக் காட்டவில்லை. துண்டு எவ்வளவு நேரம் தட்டில் கிடந்தது என்பதைக் காட்டுகிறது. பரவாதவர்களின் துண்டு நேராக ஐஸுக்கு வந்தது, அடங்கியிருந்தது. பரவியவர்களின் துண்டு ஒரு குடும்பம் அழுது முடிக்கும் வரை காத்திருந்தது, எகிறியது. நாலு வருடமாக நான் அளந்துகொண்டிருந்தது அந்த அழுகையின் நீளத்தைத்தான்.

காலை ஒன்பதரைக்குப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். காரணத்தையும் மழுப்பாமல் எழுதினேன். தப்பைத் தப்பென்று சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் யார் தயவும் வேண்டியிருந்ததில்லை.

டாக்டர் கோவர்தனனிடம் போய்ச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "நான் காட்டப் போனதுனாலயா மேடம்?"

"இல்லைங் சார். நீங்க செஞ்சது சரி, அதை விட்டுறாதீங்க. வெட்டுன நேரத்துக்கு என் ஃபாரத்துல கட்டமில்லை. தப்பு அங்கதான். இனிமே என் துண்டை முதல்ல குடுத்துட்டு அப்புறம் போங்க, அவ்வளவுதான்."

புதுப் படிவம் அச்சுக்குப் போய்விட்டது. மூன்று கட்டம். பெனாசிருக்குப் போன் செய்து, "நீ சொன்னதுதான் சரி, நான்தான் கேக்கல" என்றேன். அவள் அழுதுவிட்டாள், எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேலையைத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். எனக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. இன்னும் மூன்று கணையக் கட்டுரைக்கு உடம்பில் தெம்பிருக்கிறது.

ஒரே நாளில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

ஒருவரைத் தவிர.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. சொல்லத்தான் போனேன். வீடு நிறைய ஒறம்பரை, அண்ணியின் தம்பி குடும்பம் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தது. கேசரி கொடுத்தார்கள், சாப்பிட்டேன். அத்தனை பேர் மத்தியில் எப்படிச் சொல்வது? திரும்பிவிட்டேன்.

பன்னிரண்டு வாரம் ஆகஸ்ட் 26ஆம் தேதியோடு முடிகிறது.

ஆகஸ்ட் 17, சனி

சொல்லிவிட்டேன்.

வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று அண்ணனின் பட்டறைக்கே போனேன். பம்புக்குத் தண்டு கடையும் பட்டறை. லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

தட்டு, ஐஸ், நேரம், படிவம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்கு வந்த ஒன்னு புள்ளி ரெண்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லைங்ணா. உங்க துண்டு சீக்கிரம் ஐஸுக்கு வந்துச்சு, அவ்வளவுதான். பரவுமா பரவாதான்னு எனக்கு ஒன்னுமே தெரியாது. மருந்து ஏத்திக்கோணும். இன்னும் ஒம்பது நாள்தான் இருக்குது."

அண்ணன் எழுந்துபோய் லேத்தை நிறுத்தச் சொன்னார். வேலை செய்துகொண்டிருந்தவரை டீக்குடிக்க அனுப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மத்த அறுவது பேர்த்துக்கும் நீ நம்பர் சொன்னயா?"

"இல்லைங்ணா. சொல்லக்கூடாதுன்னு ரூல்சு."

"பரவாம இருந்தாங்கல்ல, அவங்கெல்லாம் மருந்து ஏத்திக்கிட்டாங்களா?"

"முக்காவாசிப் பேரு ஏத்திக்கிட்டாங்க."

தலையை ஆட்டினார். கோபமாகக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எங்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். அவர் மெதுவாகத்தான் பேசினார். "அப்ப முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கெல்லாம் நீ ஒழுங்கா நடந்திருக்கற. கூடப் பொறந்தவனுக்கு மட்டும்தான் இப்படிப் பண்ணிப்போட்ட."

"உங்களுக்கு நல்லதுன்னுதானுங்..."

"எனக்கா?"

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பட்டறை வாசலில் வண்டியை எடுக்கும்போது, "பாத்து ஓட்டிட்டுப் போ" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணனுக்குப் புற்று என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பயம். இந்த நோட்டில் ஒரு இடத்தில்கூட அதை எழுதவில்லை. அறுபத்தொன்றாவது துண்டின் எண் வந்ததும், பெயர் இல்லாவிட்டாலும் அது அண்ணனுடையது என்று தேதியை வைத்துக் கண்டுபிடித்து, ஆய்வகத்துக் கழிவறையில் போய் அழுதேன், சந்தோஷத்தில். அந்த எண்ணை அவருக்குச் சொன்னது அவருக்காக இல்லை. உரக்கச் சொல்லி நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாவு அரைத்தேன். அண்ணன் வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

அண்ணியிடமிருந்து போன். "என்ன அம்மிணி சொன்ன அவுருகிட்ட? ரெண்டு நாளா வாயே தெறக்கறதில்லை." சொன்னேன், முழுவதும். பிறகு, "நான் உங்கிட்டக் கேட்டனே அம்மிணி" என்றார். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் அண்ணன் பெயரைப் பார்த்தேன். காலையிலேயே வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம். ஆய்வகம் முன்வாசல் பக்கம்.

போகட்டும், வந்தாரே.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் அண்ணி போன் செய்தார். தனக்குக் காய்ச்சல், இன்று முதல் மருந்து, கூட இருக்க ஆள் வேண்டும் என்றார். காய்ச்சல்காரர் குரல் மாதிரி இல்லை. நான் கேட்கவில்லை.

அண்ணன் மருந்து ஏற்றும் அறையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நர்ஸ் படிவத்தோடு வந்தார்.

"கூட இருக்கறது யாருங் ஐயா?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந் தங்கச்சி வசந்தாமணி. இங்கயேதான் பெரிய வேலையில இருக்கறா. ஆனா ஒன்னு, அவ வாயில எதாச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க. டாக்டர் எழுதிக் குடுத்தத மட்டும் ஏத்துங்க."

நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது, வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பத்து நாற்பதுக்கு முதல் சொட்டு இறங்கியது. அண்ணன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விதத்தில் அவருக்கும் பயம் என்று தெரிந்தது. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

"இது வேலை செய்யுமா அம்மிணி?"

ஒன்றும் ஆகாது, எல்லாம் சரியாகிவிடும் என்ற வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. எத்தனை பேருக்குப் பலன் தருகிறது, எத்தனை மாதம் கூட்டுகிறது என்ற கணக்கெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் அதைக் கேட்கவில்லை.

"தெரியாதுங்ணா," என்றேன். "ஏத்தாம விடறத விட ஏத்தறது நல்லது. அது மட்டும்தான் தெரியும். உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

அண்ணன் பிடித்திருந்த நாற்காலிக் கையை விட்டார்.

"இத நம்பறன்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.